தாய்ப்பத்திரத்தின் எண் மட்டும் போதும்

அனுப்புநர்:
சு. இசக்கிப்பாண்டி,
கிராம நிர்வாக அலுவலர் (ஓய்வு),
சங்கரன்கோவில்.

பெறுநர்:
திரு. சு. துரைப்பாண்டி அவர்கள்,
பனவடலிசத்திரம்.

பொருள்: நம் தாத்தா 1938-ஆம் வருஷம் கிரயம் வாங்கிய கிணற்றுப் புஞ்சையின் தாய்ப்பத்திர எண்ணைத் தெரிவிக்கக் கோருதல் – சார்பாக.

பார்வை: ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அய்யா,

வணக்கம். இங்கு நானும் என் மனைவி ஜெயசித்ராவும் சௌக்கியம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சௌக்கியமாக இருப்பதாகப் பிறர் சொல்லக் கேள்விப்பட்டேன். ஆகவே தனியாக நலம் விசாரிக்கவில்லை.

இது கடிதம்தானே தவிர பேச்சு அல்ல என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். பாகம் பிரித்த அன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இனி தங்களோடு எனக்குப் பேச்சு கிடையாது என்று சொன்னேன். எழுத்து கிடையாது என்று சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் சர்க்கார் வேலை பார்த்தவன், எந்த வார்த்தை எதுவரை செல்லும் என்று எனக்குத் தெரியும். மேலும், தாங்கள் தங்கள் என்று எழுதி எழுதி இப்போதே கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். என் மகள் காவியாவுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் மகாராஜா, எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார், தங்கமான மனிதர், நல்ல குடும்பம், பையனும் அடக்கம். இதில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்துவைத்த ஒரு காரியம் இப்போது குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. அப்போது காவியாவுக்கு வரன் ஒன்றும் அமையாமல் நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். கல்யாணத்துக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு தளம் இருக்கிறது, அதில் போட்டோவும் ஜாதகமும் போட்டால் வரன் வந்து குவியும் என்றார்கள். வெளியூரில் இருந்த காவியாவிடம் கேட்டேன். கடைச்சரக்கு மாதிரி என் போட்டோவை அங்கே போட்டீர்களென்றால் தீபாவளிக்குக்கூட வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே அவளுக்குத் தெரியாமல் போட்டேன். ரதவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மைதீன் பாட்சாதான் எல்லாம் செய்துகொடுத்தார். பாஸ்வேர்டு போடுகிற நேரத்தில் மட்டும் அவரைச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஒற்றை விரலால் தட்டினேன்.

அதில் வரன் ஒன்றும் குவியவில்லை. புளியங்குடிச் சம்பந்தம் வேறு வழியாக வந்தது. நானும் அந்தத் தளத்தை மறந்துவிட்டேன். ஆனால் போன வாரம் மாப்பிள்ளையின் பெரிய மாமன் தன்னுடைய மகனுக்குப் பெண் தேடி அதே தளத்துக்குள் போயிருக்கிறார். முதல் படமாக நம் காவியாவைக் காட்டி, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பொருத்தம் என்று வேறு சொல்லியிருக்கிறது. சம்பந்தி அன்றைக்கே போன் செய்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

“நான் ஒண்ணும் தப்பா நினைக்கல அண்ணாச்சி. எங்க மச்சான்தான் கேக்காரு, பிள்ளைய நமக்குப் பேசி முடிச்சாச்சா, இல்ல இன்னும் ஏலத்துலதான் இருக்கான்னு.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எடுக்காவிட்டால் தாம்பூலத் தட்டு வராது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். எடுப்பதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். அது எனக்கு மறந்துவிட்டது.

சிரிக்காதே. யாருடைய புஞ்சை எந்த சர்வே நம்பரில் வருகிறது என்று மேலநீலிதநல்லூர் வட்டாரத்தையே மனப்பாடமாக ஒப்பித்தவன்தான் நான். ஆனால் நிலத்துக்கு ஒரு நம்பர்தான் உண்டு. இந்தக் கம்ப்யூட்டர்காரர்கள் கரண்டு பில்லுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, பென்ஷனுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பாஸ்வேர்டு கேட்கிறார்கள். பெரிய எழுத்து வேண்டும் என்கிறான் ஒருவன். குறி ஒன்று வேண்டும் என்கிறான் அடுத்தவன். குறியே கூடாது என்கிறான் மூன்றாமவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, பழையதைப் போடாதே என்கிறான் இன்னொருவன், என்னமோ நான் வேட்டி மாற்றாமல் வந்து அவன் வாசலில் நிற்பதுபோல. முதலில் எல்லோரையும்போல நானும் ஊர் அம்மன் பெயரை, கோமதி என்றுதான் போட்டேன். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதி மேலோ ஒரு சங்கர் மேலோதான் விழும். அதைப் பாஸ்வேர்டாக வைப்பதும் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதும் ஒன்றுதான் என்று மைதீன் பாட்சா சொன்னார். சரி, வேறு யாருக்கும் தோன்றாததாக, நான் சாகும்வரை மறக்கவே முடியாததாக ஒன்றை வைப்போம் என்று முடிவு செய்து, தாய்ப்பத்திரத்தின் எண்ணை வைத்தேன். எல்லாவற்றுக்கும் அதுதான். முன்னால் ஊர்ப் பெயரில் நாலு எழுத்து, பிறகு பத்திர எண், ஒரு சாய்வுக் கோடு, வருஷம்.

ஏன் அதை வைத்தேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்ப்பத்திரம் மூத்தவனிடம்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஊரில் இருந்து உழுகிறவனிடம்தான் இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய். பெரியவர்கள் உன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நகல் எடுத்துத் தருகிறேன் என்று நீ சொன்னபோது, நகலை நீயே வைத்து நாக்கு வழி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஊருக்கெல்லாம் பாகத்தைப் பதிந்து வையுங்கள் என்று புத்தி சொன்ன நான், நம் பாகத்தை வாய்ப்பேச்சாகவே விட்டது தனிக் கூத்து. பதிந்திருந்தால் அதிலாவது அந்த எண் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு இருந்த கோபத்துக்கு, காலையில் எழுந்தவுடன் சாமி பெயருக்கு முன்னால் அந்த எண்தான் வாயில் வரும். பிறகு போனே அதை ஞாபகம் வைத்துக்கொண்டு தானாகவே எல்லாக் கதவையும் திறந்துவிட்டது. எனக்கும் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிற்று. அதை உன்னிடம் ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம்தான், ஆனால் உண்மை. கோபம் போனபோது எண்ணும் கூடவே போய்விட்டது என்பது போன மாதம் அந்தப் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த பிறகுதான் தெரிந்தது. புதுப் போன் வாசலுக்கு வாசல் நிறுத்தி நீ யார் என்று கேட்கிறது.

டைரியில் எழுதி வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திருடன் கையில் கிடைத்தாலும் புரியக்கூடாதென்று சங்கேதமாக எழுதியிருக்கிறேன். கரண்டு: தம்பி விவகாரம். கேஸ்: தம்பி விவகாரம், கடைசியில் ஒரு குறி. பென்ஷன்: தம்பி விவகாரம், குறி கிடையாது. மூன்று பக்கத்துக்கு இப்படியே போகிறது. திருடனுக்குப் புரியாது என்பது நிச்சயம். எனக்கும் புரியவில்லை.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் நான் இல்லை. மைதீன் பாட்சாவிடம் போய், அன்றைக்கு ஓரக்கண்ணால் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லும் என்று கேட்டேன். நீங்கள்தானே சுவரைப் பார்க்கச் சொன்னீர்கள், சுவரைத்தான் பார்த்தேன் என்றார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தளத்தில் அழுத்தினால், ஓடிபி அனுப்புகிறோம் என்று என் பழைய இரண்டாவது சிம்முக்கு அனுப்புகிறார்கள். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. அந்த நம்பர் இப்போது கடையநல்லூரில் ஷம்சாத் பேகம் என்ற அம்மாவிடம் இருக்கிறது. போன் செய்தேன். நான் யாரென்று சொன்னதுமே, காவியா அப்பாவா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷமாகப் பையன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவருக்குத்தான் போன் செய்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவதி ராங் நம்பர் என்று வைக்க மனசில்லாமல் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை, எவ்வளவு உயரம், குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்து, பிடிக்காதவர்களை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். ராஜபாளையத்துப் பையன் ஒருவனை விட்டுவிட்டீர்களே என்று என்னைக் கடிந்துகொண்டார். வரன் ஏன் குவியவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. போகட்டும், அந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றேன்.

“வந்திருக்கு அண்ணாச்சி. ஆனா சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு அந்த மெசேஜுலயே போட்டிருக்கான். எங்க வீட்டுக்காரரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

ஆறு தடவை பேசியும் அசையவில்லை. அப்படி ஓர் உறுதியான மனுஷி எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் ஒரு கோப்பும் காணாமல் போயிருக்காது. கம்பெனிக்குப் போன் செய்தால், பதிவு செய்த ஈமெயிலிலிருந்து எழுதுங்கள் என்கிறார்கள். ஈமெயிலுக்கும் தம்பி விவகாரம்தான். பத்திர ஆபீசில் போய்த் தாய்ப்பத்திரத்துக்கு நகல் கேட்டேன். எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துத் தருகிறோம், பெயரை வைத்துத் தேடினால் நாளாகும் என்றார்கள். எண் தெரிந்தால் நான் ஏன் வருகிறேன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நானும் ஜனங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஜெயசித்ரா, அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வேண்டுதலுக்கான வெள்ளி உரு வாங்கி உண்டியலில் போட என்னை அழைத்துப்போனாள். கோவில் வாசல் கடைக்காரர் பாம்பா தேளா, கையா காலா என்று கேட்டார். தலை வேண்டும் என்றேன். தலைவலியா என்றார். மறதி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளித் தலையை எடுத்துக் கொடுத்தார்.

மிச்சம் இருக்கிற வழி, எண்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. நாலு இலக்கம் என்பது நிச்சயம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தப்பாகப் போட்டால் அந்தத் தளம் மறுநாள்வரை பூட்டிக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எல்லா எண்ணையும் போட்டு முடிக்க ஐந்தரை வருஷம் ஆகும். நான் அதற்கும் தயார்தான். மாப்பிள்ளை வீட்டார் தயாராக இல்லை.

ஆகவேதான் உனக்கு எழுதுகிறேன். காவியாவுக்கு விஷயம் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சம்பந்தம் முறிந்தால் என்னால் தாங்க முடியாது. உன்னிடம் நான் கேட்பது ஓர் எண். பத்திரம் வேண்டாம், அது யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை. போட்டோ வேண்டாம். நகலும் வேண்டாம், அதைப் பற்றி அன்று சொன்னது சொன்னதுதான். ஒரு கார்டில் நாலு இலக்கத்தை மட்டும் எழுதி, கையெழுத்துக்கூடப் போடாமல், புதன்கிழமையே தபாலில் சேர்க்கவும். இதனால் நாம் ராசியாகிவிட்டதாக ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம். நிச்சயத்துக்கு உன்னை அழைப்பதாகவும் இந்தக் கடிதத்தை யாரும் வியாக்கியானம் செய்யக்கூடாது. இந்த விஷயத்தில் நான் ஒரு மயிரிழையும் இறங்கி வருவதாக இல்லை.

உன் மனைவி கோமதியம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு ஆசி இல்லை என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. வயதில் மூத்தவன் என்ற கடமைக்காக ஒன்றை நீயும் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
சு. இசக்கிப்பாண்டி

பி.கு.: இதைக் கவரில் போட்டு ஒட்டச் சொல்லி ஜெயசித்ராவிடம் கொடுத்தேன். ஒட்டாமல் படித்துவிட்டாள். இதற்கா இத்தனை பக்கம் என்று சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்து ஓர் இடத்தில் தொட்டாள். ஒரே மணியில் உன் வீட்டுக் கோமதியம்மாள் எடுத்துவிட்டாள். அவர்கள் இருவரும் பேசியதைப் பார்த்தால் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகத் தெரிந்தது. ஆறு வருஷமும் இப்படித்தானாம். நீயும் நானும்தான் பேசாமல் இருந்திருக்கிறோம். ஜெயசித்ரா விஷயத்தைச் சொன்னதும், பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் பாருங்கள் என்று கோமதியம்மாள் உன்னிடம் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. அதற்கு நீ சொன்னதும் கேட்டது.

“பெட்டிய எதுக்குத் திறக்கணும்? ஆயிரத்து நூத்தி அறுபத்தி நாலு. என் போனைத் திறக்குததே அதை வச்சுத்தான். கரண்டு பில்லு, கேஸு எல்லாத்துக்கும் அதுதான் போட்டுருக்கேன்.”

காவியாவின் படத்தைத் தளத்திலிருந்து எடுத்தாயிற்று. சம்பந்திக்கும் சொல்லியாயிற்று. ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது, கார்டு அனுப்ப வேண்டாம். ஆனால் அந்த எண் இரண்டு வீட்டு ஸ்பீக்கரிலும் கேட்டுவிட்டதால் நாம் இருவருமே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றியாக வேண்டும். ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான் என்பதால் புதிதாக எதைப் போடுவதென்று எனக்குத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. தாம்பூலத் தட்டு மாற்றும்போது நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். பாஸ்வேர்டைச் சாப்பிட்ட பிறகு யோசிக்கலாம்.