ஜெர்மன் துப்பாக்கிக்கு ஆயுத பூஜை

பட்டியல் போடுகிறவர்களிடம் ஒரு குறை உண்டு. எழுதி முடித்ததுமே வேலையும் முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி வந்துவிடும். எழுதியதைத் திரும்பப் படிக்க மாட்டோம். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அனுபவத்தின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. குழாயின் வாய் இருபத்தாறு மில்லிமீட்டர் சொச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். (ஈரோட்டில் இதையே இலவசமாகச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.) என் மேனேஜர் ரால்ஃபுக்கு அறுபதை நெருங்கும் வயது. பழைய ஜெர்மன் ராணுவத்து ஒளிக்குண்டுத் துப்பாக்கிகளைச் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. அது ஆளைச் சுடுகிற துப்பாக்கி அல்ல. சைகை காட்டுவதற்காக வானத்தில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விடுவது. நம் தீபாவளி ராக்கெட்டுக்குப் பட்டாளத்தில் சேர்ந்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது துப்பாக்கிகளின் விவரத்தையும் அவர் ஒரு நோட்டில் கிறுக்கி வைத்திருந்தார். “டேட்டாபேஸ் செய்து தருகிறேன்” என்று நானாகவே போய்ச் சொன்னேன். சேவை மனப்பான்மை என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு கிரீன் கார்டு apply பண்ணலாமா என்று கம்பெனி அந்த மாதம் அவரிடம்தான் கடிதம் கேட்டிருந்தது.

துப்பாக்கியை அடையாளம் காண்பது எப்படி என்று அவர் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். முதலில் உலோகத்தைப் பார்: ஆரம்பத்தில் அலுமினியம், போர் முற்றியபின் எஃகு, துத்தநாகம். அடுத்து முத்திரையைப் பார்: எதிரிக்குத் தெரியாமலிருக்கத் தொழிற்சாலைப் பெயருக்குப் பதில் இரண்டு மூன்று எழுத்துகள், கூடவே ஆண்டு. இப்படிப் பன்னிரண்டு விதிகள். கடைசி விதியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு, படிவத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். கருநிற அலுமினியம். முத்திரை எழுத்துகள் அழுக்கேறி மங்கிப்போயிருந்தன. “இது ஒரு சின்னத் தொழிற்சாலையின் அபூர்வமான துப்பாக்கி என்று நினைக்கிறேன். ஆறு வருஷமாக நிரூபிக்க முடியவில்லை” என்றார், குழந்தையைப் பள்ளியில் விடுகிற தகப்பன் முகத்தோடு. நான் அதை லஞ்ச் பேக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. (ஊரில் எந்தக் கிழமையில் வந்தாலும் அமெரிக்காவில் ஆயுத பூஜை சனிக்கிழமைதான்.) என் அறைத்தோழி கோமதி திருநெல்வேலிக்காரி. அவள் கண்ணில் துப்பாக்கி பட்டுவிட்டது.

“ஏட்டி, வருஷா வருஷம் ஸ்க்ரூடிரைவருக்கும் கால்குலேட்டருக்கும் பொட்டு வச்சு சாமிய ஏமாத்துதோம். ஒரிஜினல் ஆயுதத்தை லஞ்ச் பேக்ல வச்சிருக்கியே!”

“அது என்னுது இல்ல புள்ள.”

“அப்ப அவருக்கும் சேர்த்துப் புண்ணியம். கிரீன் கார்டு சீக்கிரம் வரும்ட்டி.”

இந்த வாதத்தில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குமேல் நடந்தது எல்லாம் என் சொந்த முயற்சி. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை ஓய்ந்ததும் துப்பாக்கியைப் பார்த்தேன்.

“இவ்ளோ கரி புடிச்சிருக்கு. சாமி முன்னாடி இப்படியேவா வெக்கறது?”

புளி, பிறகு பாத்திரம் தேய்க்கும் நார், பிறகு இன்னும் கொஞ்சம் புளி. கருப்பு கரைந்து தண்ணீரோடு போகப் போக எனக்கு உற்சாகம் கூடியது. முக்கால் மணி நேரம். ஒரு மூலை முடுக்கு விடவில்லை.

“எவர்சில்வர் டம்ளர் மாதிரில்லா பளபளக்கு!” என்றாள் கோமதி.

சந்தனம் குங்குமம் வைத்து, பக்கவாட்டில் விபூதியைக் குழைத்து மூன்று விரலால் பட்டை இழுத்து, கீபோர்டுக்கும் பொரிகடலைக்கும் நடுவில் சார்த்தினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாதே, விபூதி நன்றாகக் காய்ந்தது.

ஞாயிறு காலை மேலாகத் துடைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். உலோகம், நிரப்பினேன். நீளம், நிரப்பினேன். ஏழாவது கட்டம்: அசல் மேற்பூச்சு எத்தனை சதவிகிதம் மீதி?

துப்பாக்கியைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது.

அச்சடித்த விதிகளை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு: எந்தக் காரணத்தைக் கொண்டும் சுத்தம் செய்யக் கூடாது. தடித்த எழுத்தில். நான் போட்ட தடிமன்.

கட்டத்தைக் காலியாக விட்டுத் தாண்டப் பார்த்தேன். ‘இதை நிரப்பாமல் மேலே போக முடியாது’ என்றது கணினி. அந்த வாக்கியத்தை எழுதியதும் நான்தான். பூஜ்யம் போட்டேன். ‘பூஜ்யமா? நிச்சயமாகவா?’ என்று கேட்டது. (அதுவும் நான்தான்.)

“கோமதி, நான் ஊருக்குப் போறேன்.”

“எப்போ?”

“தெரியல. அவங்களே அனுப்பிருவாங்க.”

திங்கட்கிழமை ரால்ஃபின் அறைக்குச் சுண்டலோடு போனேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். மேஜைமேல் இருந்த பளபளப்பைப் பார்த்தார்.

“அழகாக இருக்கிறது. என் துப்பாக்கி எங்கே?”

“இதுதான்.”

அவர் உட்கார்ந்தேயிருந்தார், ஆனாலும் மறுபடி உட்கார்ந்தது போல இருந்தது. நான் தயாரித்து வைத்திருந்த தாளை எடுத்து, “மன்னிப்புக் கேட்பதற்கான காரணங்கள். ஒன்று...” என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். போச்சு என்று நினைத்தேன். அவர் கை பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தது.

முத்திரை எழுத்துகளின் பள்ளங்களில் அடைந்திருந்த அழுக்கைப் புளி எடுத்துவிட்டது. அந்த இடத்தில் விபூதி போய் உட்கார்ந்து காய்ந்திருந்தது. மூன்று பொடி எழுத்தும் ஆண்டும் கண்ணாடிக்குள் கோலமாவில் எழுதிய மாதிரி வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

ரால்ஃப் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

“அபூர்வமே இல்லை” என்றார். “சந்தைக்குச் சந்தை கிடைக்கிற ரகம். ஆறு வருஷமாக இதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன்.” பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். “நல்லவேளை, நீ அபூர்வத்தைக் கழுவவில்லை!” வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு, “அந்த வெள்ளைப் பொடி கொஞ்சம் கிடைக்குமா? பொடி மட்டும். நீ வரவேண்டாம்” என்றார்.

பக்கத்து ஊர் ஐசலினில் இந்தியக் கடையில் பழனி விபூதி நான்கு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே கடிதம் எழுதிவிட்டார். அதில் ஒரு வரி: ‘எடுத்த வேலையை, அடி உலோகம் தெரியும் வரை இவர் விடமாட்டார்.’ வக்கீல் அதை ஏதோ தொழில்நுட்பத் திறமை என்று நினைத்து அடிக்கோடிட்டு அனுப்பினார். கிரீன் கார்டு வந்துவிட்டது.

கோமதி இப்போது டெக்ஸாஸில், கேட்டியில் இருக்கிறாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போன் பண்ணி, “இந்த வருஷம் எதைட்டி கழுவின?” என்பாள். நான்ஸ்டிக் தவாவைத் தேய்க்கும்போதெல்லாம் என் கணவர் கார்த்தி சமையலறையில் எட்டிப் பார்த்து, “உலோகம் தெரிஞ்சுதா?” என்பார். போன பூஜைக்குத் தன் புதுக் கேமராவை ரொம்ப யோசித்துத்தான் கொடுத்தார். அதன் மேல் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார். தடித்த எழுத்தில்: ‘அசல் மேற்பூச்சு: நூறு சதவிகிதம். பொட்டு மட்டும் போதும்.’

இந்தத் தடவை முழுதாகப் படித்தேன்.