பக்கிரிசாமி இன்னும் ரயில் ஏறவில்லை

பக்கிரிசாமி ஒரு காலை ரயில் படியில் தூக்கி வைத்த நேரத்தில் வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது.

"சிட்டிபாபு வந்துட்டான். இன்னாங்க, அந்தப் பொட்டிய மூடிட்டுக் கெளம்புங்க!" என்று உள்ளேயிருந்து சுலோசனா குரல் கொடுத்தாள்.

பெட்டி என்று அவள் சொன்னது லேப்டாப்பை. கோகுலகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாவலின் முதல் அத்தியாயமே முடியவில்லை. புத்தூர் ஸ்டேஷனில் பக்கிரிசாமி ரயில் ஏறினால்தான் இரண்டாவது அத்தியாயம். அவனோ மாதம் பிறந்ததிலிருந்து ஒரு கால் பிளாட்பாரத்திலும் ஒரு கால் படியிலுமாக நின்றுகொண்டிருந்தான்.

"நான் வர்ல. நீயும் அக்ஷயாவும் போய்ட்டு வாங்க."

"தசரா லீவுக்குன்னு பொண்ணு திருப்பதியிலேருந்து வந்து கீது. நைனா வர்லன்னா அது மூஞ்சி எப்டி ஆவும்? காணிப்பாக்கம் கோயிலு இன்னா கண்காணாத தூரமா?"

"வருஷம் பூரா வூட்ட விட்டு நகராதவ நீ. இந்த மாசம் பாத்துத்தான் ஊர் சுத்தணுமா?"

"இந்த மாசம் உட்டா எப்ப?" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போய்விட்டாள்.

கோகுலகிருஷ்ணன் சித்தூரில் மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கிரிசாமி அவருடைய சிநேகிதன். நகரிக்குப் பக்கத்தில் ஒரே கிராமத்தில், ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். சென்ற வருடம் பக்கிரிசாமி இறந்துபோனான். காரியத்தன்று அவன் மனைவி செங்கம்மாவிடம், அத்தனை பேர் முன்னிலையில், "இவன் கதைய நான் புஸ்தகமா எழுதறேம்மா. மொத தெவசத்துல உன் கையில குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். துக்கத்தில் சொல்லிய வார்த்தைதான். ஆனால் செங்கம்மா மறக்கவில்லை. போன் பேசும்போதெல்லாம், "அண்ணா, எழுதிக்கினு கீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் திருப்பதியில் இருக்கும் தமிழ் வாத்தியார் தேவேந்திரன், தன்னுடைய எழுத்தாளர் குழுவில் 'ஒரே மாதத்தில் ஒரு நாவல்' என்று போட்டி அறிவித்தார். யாரும் கலந்துகொள்ளலாம். கோகுலகிருஷ்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அந்த மாதத்தில்தான் தசரா லீவு வருகிறது என்பதை அவர் காலண்டரில் பார்க்கவில்லை.

லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். போகிற வழியில் எழுதிவிடலாம் என்பது திட்டம்.

'கீழ்வானம் செங்குழம்பாய்க் கொதித்தது. இயற்கையன்னை தன் மரகதப் பட்டாடையை விரித்தாள்' என்று அவர் தட்டியதும் டிரைவர் சிட்டிபாபு ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றி இறக்கினான். திரையில் இயற்கையன்னையைக் காணவில்லை. பக்கிரிசாமியும் ரயிலும் சேர்ந்து மறைந்து, வெள்ளையாக ஒரு பக்கம் இருந்தது.

"அய்யய்யோ, அழிஞ்சிப் போச்சே!"

"பர்லேது, பரவால்ல சார், மறுபடி எழுதிக்கலாம்" என்றான் சிட்டிபாபு.

கோகுலகிருஷ்ணன் லேப்டாப்பை அடித்து மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மாந்தோப்பு ஒன்று கடந்து போனது. சிறிது நேரம் கழித்து அவராகவே சிரித்தார்.

"இன்னா சிரிப்பு?" என்றாள் சுலோசனா.

"இதே மாரி ஒரு தோப்புலதான் நானும் பக்கிரியும் மாங்கா திருடப் போனோம். காவக்காரன் வந்துட்டான். நான் எகிறிக் குதிச்சி ஓடிட்டேன். இவன் மரத்து மேலயே மாட்டிக்கினான். காவக்காரன் கீழ கட்டில் போட்டுப் படுத்துட்டான். பக்கிரி இன்னா பண்ணான் தெரியுமா? மரத்து மேலேருந்தே அந்தாளுகிட்ட ஊர்க் கத பேச ஆரம்பிச்சிட்டான். சாயங்காலம் எறங்கி வரும்போது காவக்காரனே ஒரு கூட மாங்கா குடுத்து அனுப்பிச்சான்!"

அக்ஷயா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பறம் நைனா?"

"அப்பறம் இன்னா? பாதி கூடய எனக்குக் குடுத்தான். ஓடிப்போனவனுக்கும் பங்கு!"

சுலோசனா போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். வேலூரில் இருக்கும் தங்கைக்கு அவள் ஓயாமல் வாட்ஸ்அப் அனுப்புகிறவள். தான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை என்று கோகுலகிருஷ்ணனுக்கு வருத்தமாக இருந்தது.

அழிந்துபோனதை எப்படி மீட்பது என்று அக்ஷயாவிடம் கேட்டார். அவள் மீட்கத் தெரியாமல் வேறு ஒரு வழி சொன்னாள்.

"எதுக்கு நைனா கஷ்டப்பட்டு டைப் அடிக்கிற? போன்ல பேசு, அதுவே எழுதிக்கும்."

அடுத்த பயணம் திருமலைக்கு. தரிசனம் முடிந்து, தங்கும் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு கோகுலகிருஷ்ணன் போனை வாயருகே வைத்தார். நாவலில் பக்கிரிசாமியை வழியனுப்ப வரும் தாய் கதறுகிற கட்டம். உணர்ச்சியோடு சொன்னால்தான் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"என்ன விட்டுப் போவாத! உன்னத்தானே நம்பிக்கினு கீறேன்! நீ போய்ட்டா எனக்குச் சோறு போட யாரு கீறாங்க?"

குரல் தழுதழுத்தது. நிஜமாகவே கண்ணீர் வந்தது. பக்கத்தில் ஈரத் துணியைக் காயவைத்துக்கொண்டிருந்த சுலோசனாவின் தோளை யாரோ தட்டினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஓர் அம்மாள்.

"ஏம்மா, சாமி கும்புட வந்த எடத்துல புருஷன இப்டி அழ வெக்கலாமா? எங்க போறேன்னு நிக்கற நீ?"

"நான் எங்கியும் போவல. அவரு நாவல் எழுதறாரு."

"பாத்தியா, நீ போறன்னதும் புத்தி பெசகிப் போச்சி பாரு!"

இரண்டு பேர் நான்கு பேரானார்கள். ஒரு பெரியவர், "சர்துகோவாலம்மா, சர்துகோவாலி" என்று தெலுங்கில் அனுசரித்துப் போகச் சொன்னார். இன்னொருவர் கோகுலகிருஷ்ணனின் வாயில் லட்டு ஊட்டினார். கடைசியில் அந்த அம்மாள் சுலோசனாவின் கையைப் பிடித்து அவர் கையில் வைத்து, "இனிமே பிரியக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல வெட்கப்பட்டுக்கொண்டு காருக்கு நடந்தார்கள்.

போனில் எழுதியிருந்ததை அக்ஷயா சத்தமாகப் படித்தாள்.

"'என்னை விட்டுப் போகாதே எனக்குச் சோறு போட புருஷனை அழ வைக்கலாமா புத்தி பிசகி லட்டு கவுன்ட்டர் எந்தப் பக்கம்.' நல்லா வந்து கீது நைனா!"

சிட்டிபாபு ஸ்டீயரிங் மேல் சாய்ந்து சிரித்தான். கோகுலகிருஷ்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் மலைப்பாதையின் வளைவுகளில் கார் இறங்க இறங்க அவர் கோபமும் இறங்கியது.

"பக்கிரியும் இங்கதான் மொட்ட போட வந்தான்" என்றார்.

"எதுக்குங்க?" என்றாள் சுலோசனா.

"பத்தாவது பாஸானா முடி குடுக்கறேன்னு வேண்டுதல். பாஸாயிடுவோம்னு நம்பி, ரிசல்ட் வர அன்னிக்கே வந்து ஒக்காந்துட்டான். பாதித் தல மழிச்சாச்சி. நான் பேப்பர் வாங்கிக்கினு ஓடியாறேன். அவன் நம்பர் இல்ல. 'எத்தினி சப்ஜெக்ட்ல போச்சிடா?'ன்னான். 'அதெல்லாம் பேப்பர்ல போடமாட்டான்டா'ன்னேன். கொஞ்ச நேரம் யோசன பண்ணான். 'எப்டியும் பாதியிலயாவது பாஸாயிருப்பேன். பாதி முடி குடுத்தாச்சி, கணக்கு சரியாப் போச்சி'ன்னு எழுந்துட்டான்! துண்ட கட்டிக்கினு ஊர் போய்ச் சேந்தான்."

சிட்டிபாபு சிரிப்பு தாங்காமல் வண்டியை ஓரம் கட்டினான். சுலோசனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு போனை எடுத்தாள்.

"இப்ப எதுக்குடி போனு?"

"தங்கச்சிக்கு. நீங்க சொல்லுங்க, அப்பறம் அந்தத் தல இன்னா ஆச்சி?"

ஊர் திரும்பி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் அந்தத் தலையும் வரவில்லை, மாங்காயும் வரவில்லை. செங்குழம்பு வானமும் மரகதப் பட்டாடையும்தான் வந்தன. அவற்றுக்கு நடுவே பக்கிரிசாமி மீண்டும் புத்தூர் ஸ்டேஷனில் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றுவிட்டான்.

மாதக் கடைசி நெருங்கியது. லீவு முடிந்து அக்ஷயா திருப்பதிக்குக் கிளம்ப வேண்டும். அவளைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் தலகோனா அருவியையும் பார்த்துவிடலாம் என்று சுலோசனா திட்டம் போட்டாள். கோகுலகிருஷ்ணன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"எனக்குக் கை வலிடி. தூக்கக்கூட முடியல. கார் ஆட்டம் தாங்காது. நான் வூட்லயே கீறேன்."

எந்தக் கை என்று அவள் கேட்டபோது அவசரத்தில் வலது கையை நீட்டிவிட்டார்.

"சிட்டிபாபு, தலகோனா வேணாம்ப்பா. நேரா புத்தூர் வுடு. கட்டு கட்டிடலாம்."

"சரே அம்மா!"

புத்தூரில் எலும்புக்கு வைத்தியம் பார்க்கிற பெரியவர் மணிக்கட்டைப் பிடித்து, "இங்க வலிக்குதா?" என்றார். சுலோசனா பார்த்துக்கொண்டே இருந்தாள். "வலிக்குது" என்றார் கோகுலகிருஷ்ணன். "இங்க?" "அங்கியும் வலிக்குது." பெரியவர் ஒரு சொடுக்குச் சொடுக்கினார். இந்த முறை நிஜமாகவே வலித்தது. அலறிய அலறலில் வெளியே காத்திருந்த நோயாளி ஒருவர் எழுந்து போய்விட்டார். பச்சிலையும் முட்டையும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்து, விரல் நுனி வரைக்கும் கட்டிவிட்டார்கள். தானாகச் சொல்லும்வரை பிரிக்கக் கூடாது என்றார் பெரியவர்.

காரில் ஏறி உட்கார்ந்து கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார் கோகுலகிருஷ்ணன். நாளைக்குப் போட்டிக்குக் கடைசி நாள்.

"சிட்டிபாபு, கொஞ்சம் ஸ்டேஷனாண்ட நிறுத்து" என்றாள் சுலோசனா.

புத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கூட்டம் இல்லை. ரேணிகுண்டா பக்கம் போகிற ஒரு ரயில் வந்து நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அது மறுபடி நகர்ந்து, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைகிறவரை கோகுலகிருஷ்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்கதான்" என்றார் பிறகு. "பக்கிரி மறுபடி எழுதி பத்தாவது பாஸ் பண்ணிட்டான். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் திருப்பதியில இன்டர்வியூ. கரண்ட் ஆபீஸ் வேல. வர்ற வழியில என் சட்ட வேலி முள்ளுல மாட்டி, முதுகு பூரா கிழிஞ்சிப் போச்சி. வேற சட்ட ஏது? ரயிலு வந்துடுச்சி. பக்கிரி ஒரு கால படியில வெச்சான். திரும்பி என்னப் பாத்தான். வெச்ச கால கீழ எறக்கிட்டான்."

அக்ஷயா அவர் அருகில் வந்து நின்றாள்.

"அவன் சட்டயக் கழட்டி என் கையில குடுத்தான். 'நீ போடா, எனக்குக் கரண்ட்டுன்னா பயம்'னான். பயமாம்! எங்க தெருவுல பீஸ் போனா மொத ஆளா கம்பத்துல ஏறுறவன் அவன்தான். பனியனோட நின்னு, ரயிலு போற வரைக்கும் கைய ஆட்டிக்கினே இருந்தான். எனக்கு வேல கெடச்சிது. அவன் கடைசி வரைக்கும் ஏர் ஓட்டினான். ஒரு நாள்கூட அந்தப் பேச்ச எடுத்ததில்ல."

கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. சுலோசனா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அதான்டி, கதையிலயாவது அவன ஏத்தி வுடலாம்னு பாத்தேன். ஏற மாட்டேங்கறான்."

"அவரு ஏறலன்னே இருக்கட்டுங்க" என்றாள் அவள். "அதான் அவரு."

காரில் சுலோசனா தலையைக் குனிந்து போனில் வேகவேகமாகத் தட்டிக்கொண்டே வந்தாள். இந்த நேரத்தில்கூடத் தங்கைக்கு மெசேஜா என்று கோகுலகிருஷ்ணனுக்கு மனது கசந்தது.

வடமாலபேட்டையில் டீ குடிக்க இறங்கினார்கள். கண்ணாடி டம்ளரை இடது கையில் வாங்கியதும் தேவேந்திரனின் போன் வந்தது. அக்ஷயா ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"என்ன கோகுலகிருஷ்ணன், நாவலை அனுப்பிட்டீங்களா?"

"இல்ல சார். முடியல."

"எவ்வளவு வந்திருக்கு?"

"ஒரு கால்" என்றார் கோகுலகிருஷ்ணன்.

தேவேந்திரனுக்குப் புரியவில்லை. "பரவாயில்லை விடுங்க. சித்தூர்ல இருந்து வேற ஒரு நாவல் இப்பதான் வந்தது. கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டு என்னால உட்கார முடியலை. எழுந்து நடந்துக்கிட்டிருக்கேன்."

"சித்தூர்லயா? யாரு சார் அது?"

"முடிவு அறிவிக்கிற வரைக்கும் பேர் சொல்லக் கூடாது. போட்டி விதி. ஆனா ஒண்ணு, சிநேகிதம்னா என்னன்னு தெரிஞ்ச கை அது" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

கோகுலகிருஷ்ணன் டீயைக் கீழே வைத்தார். ஊரில் யாரோ முன்பின் தெரியாத ஒருவன் எழுதி முடித்துவிட்டான். செங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? சுலோசனாவைப் பார்த்து, "கேட்டியா? இந்த மாசம் என்ன வூட்லயே உட்டிருந்தா நானும் முடிச்சிருப்பேன். காணிப்பாக்கம், திருமல, புத்தூருன்னு இழுத்து இழுத்து, இன்னாத்தக் கண்ட நீ?" என்றார்.

சுலோசனா வாயைத் திறப்பதற்குள், டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்த சிட்டிபாபு அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்:

"அம்மா, சார் வாயிலேருந்து மொத்தக் கதையும் வாங்கி உங்க நாவல முடிச்சி அனுப்பிட்டீங்களே, அப்ப நாளைக்கு காளாஸ்திக்குச் சொன்ன வண்டிய வேற கிராக்கிக்குக் குடுத்துடட்டா?"