தொண்ணூறு மீட்டர் தூரத்தில் பெண் வீடு

தப்பு செய்யும்போது கையில் ஒரு மெஷின் இருந்தால் அது பெரிய பாக்கியம். பழியை அதன் தலையில் போட்டுவிட்டுக் காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கலாம். நான் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, சாப்பாடு முடிந்து கை கழுவியதும் யாராவது ஒருவர் "அண்ணன் சேட்டலைட் வச்சுப் பொம்பிளை பார்த்த கதை"யை எடுத்துவிடுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தக் கதையில் ஒரு பகுதி மட்டும் எப்போதும் விட்டுப்போகும். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கிள்ளானில் படகுச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கயிறு, நங்கூரம், பெயிண்ட் இவற்றோடு கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவியும் அப்போது புதிதாக விற்பனைக்கு வந்திருந்தது. அதை வாடிக்கையாளர்களுக்கு விளக்குவது என் பொறுப்பு. (சம்பளம் கிளார்க் சம்பளம்தான், தோரணை மட்டும் விஞ்ஞானி தோரணை.) மேலே சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் பிசகாத கடிகாரம் ஒன்று இருக்கிறது, அது தன் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், அந்தச் சேதி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து நம் மெஷின் தூரத்தைக் கணக்குப் போடும் என்பேன். மூன்று கோள்களின் தூரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் நம் மெஷினுக்குள் இருப்பது மலிவுக் கடிகாரம். அதன் பிசகைச் சரிக்கட்ட நாலாவது கோள் ஒன்று வேண்டும்.

அதன் கோளாறுகளும் எனக்கு மனப்பாடம். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சேதி நோஞ்சான் சேதி. தகரக் கூரை, ஈரமான இலை எது குறுக்கே வந்தாலும் தடுமாறும். போதாததற்கு, கோள்களை மேலே ஏற்றிய அமெரிக்க ராணுவம் சரியான கணக்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலங்கலாகத்தான் கொடுத்துவந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மேசைமேல் வைத்த மெஷின், தான் நடந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். "கடல்ல நூறு மீட்டர் ஒண்ணும் இல்ல லா, பாஸ்" என்று சொல்லித்தான் விற்பேன்.

எல்லாம் தெரிந்தவன்தான் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதே ஆபீசில் டைப்பிஸ்ட் புஷ்பா. பந்திங் சாலைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று, அவள் வீடு. அப்பா அங்கே மண்டோர், வேலையாட்களுக்கு மேஸ்திரி. என் எழுத்துப் பிழைகளைத் திருத்தும்போது உதட்டுக்குள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வேண்டுமென்று தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷம் இப்படி ஓடியபிறகு, வீட்டில் பேசச் சொன்னாள்.

எங்கள் வீடு கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில். அப்பா ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அதில் எங்களுக்கு ஒரு மிதப்பு. விஷயத்தைச் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"தோட்டத்து ஆக்களோ?"

"ஓம் அப்பா."

மூன்று மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா என்ன சொல்லிக் கரைத்தாரோ தெரியாது, கடைசியில் இறங்கி வந்தார். "ஒருக்கா வாறன். ஆக்களைப் பாத்திட்டுத்தான் சொல்லுவன். ராகுகாலத்துக்கு முன்னம் அவையின்ர வீட்டுக்குள்ள கால் வைக்கவேணும், சொல்லிப்போட்டன்." ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு. ஒரே ஒரு தடவைதான் வருவார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

புஷ்பாவிடம் அட்ரஸ் கேட்டேன்.

"லயத்துக்கு ஏது அட்ரஸ்? லெட்டரே தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்" என்றவள், ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுத்தாள். "பள்ளிக்கூடத்தைத் தாண்டி உள்ள வாங்க. கள்ளுக்கடை வரும். அங்க யாரக் கேட்டாலும் மண்டோர் வீட்டக் காட்டுவாங்க."

ரயில்வே அதிகாரியைக் கள்ளுக்கடை வாசலில் நிறுத்தி, 'என் வருங்கால மாமனார் வீடு எங்கே' என்று கேட்பதா? அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. மெஷினை வைத்துப் போனால் யாரையும் கேட்க வேண்டாம். எண்களில் கள்ளு வாடை அடிக்காது.

முந்தின ஞாயிறு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே போய் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் அவள் லயம் இருந்த சந்து முனையை அடைந்தேன். மெஷினைத் தூக்கிப் பிடித்து, எண்கள் தெரிந்ததும் பொத்தானை அமுக்கி இடத்தைப் பதிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்று எண்கள் எவ்வளவு அலைகின்றன என்று பார்த்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு நான் தினமும் சொல்லும் புத்திமதி அது. புஷ்பா பார்த்துவிடுவாள் என்ற பயத்தில் ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு புறப்பட்டோம். அப்பா கார் ஓட்ட, நான் பக்கத்தில். பின்சீட்டில் அம்மாவும் தங்கை கௌரியும், மடியில் பழத்தட்டு. காரின் தகரக் கூரைக்குள் மெஷின் வேலை செய்யாதாகையால், கிள்ளான் வரைக்கும் அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

"கையை உள்ளுக்கு எடு பிள்ளை, லோரி வருது" என்று அம்மா வழியெல்லாம் புலம்பினார்.

கள்ளுக்கடையைத் தவிர்ப்பதற்காகத் தோட்டத்தின் பின்பக்க வழியில் நுழையச் சொன்னேன். அந்தக் காலத்து மெஷினில் சாலைப் படமெல்லாம் கிடையாது. ஒரு அம்புக்குறியும் தூரமும், அவ்வளவுதான். உள்ளே போகப் போகச் செம்பனை ஓலைகள் தலைக்கு மேல் கூடிக்கொண்டன. காலையில் பெய்த மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து கோள்கள் மூன்றாகி, மூன்று இரண்டாகி, மெஷின் கைவிரித்துவிட்டது. வெட்டவெளி வரும்போதெல்லாம் உயிர் வந்து "தொண்ணூறு மீட்டர்" என்று காட்டும். தோட்டத்துச் சந்துகளோ ஒன்றுபோல இன்னொன்று. கடலில் ஒன்றுமில்லாத நூறு மீட்டர், இங்கே அடுத்த சந்து. போன வாரப் பிசகும் இந்த வாரப் பிசகும் சேர்ந்து எங்களை வட்டமடிக்க வைத்தன.

"இன்னும் தொண்ணூறு மீட்டர்தான் அப்பா."

"அரை மணித்தியாலமா இதைத்தான் சொல்லுறாய்."

ஒரு சந்தில் திரும்பினோம். நேர் எதிரே கள்ளுக்கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமாகத் திரும்பி எங்களைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார்.

ஒரு பெரியவர் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து என் ஜன்னலோரம் நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு.

"மண்டோர் வீட்டுக்கா ஸார்? வாங்க, என் பின்னாடியே வாங்க."

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அது என் வாயில் வரவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், கள்ளுக்கடையே கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே. நாங்க யார் வீட்டுக்கும் வரல. சும்மா தோட்டம் பாக்க வந்தோம்."

அவர் அம்மாவின் பட்டுச் சேலையைப் பார்த்தார். மடியிலிருந்த பழத்தட்டையும் வெற்றிலையையும் பார்த்தார். "சரிங்க ஸார்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பா கியரை மாற்றினார். கார் மறுபடி சந்துக்குள் நுழைந்தது. மெஷின் காட்டிய பக்கம் திரும்பி, வாய்க்கால் ஓரம் சேற்றில் பின்சக்கரம் இறங்கி, அங்கேயே நின்றது.

என்ஜினை அணைத்தபிறகு நாதஸ்வர கேசட் சத்தம் கேட்டது. மரங்களுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில், எங்களை வரவேற்க யாரோ போட்டிருந்தார்கள். நான் கூரைமேல் ஏறி மெஷினை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். (குடும்பக் கதையில் எல்லாருக்கும் பிடித்த இடம் இதுதான். கௌரி நாற்காலி மேல் ஏறியே நடித்துக் காட்டுவாள்.) காரைத் தள்ளிவிட்டவர்கள் கள்ளுக்கடையிலிருந்து எழுந்து வந்த நாலு பேர். "மண்டோர் வீட்டு விருந்தாளின்னு முன்னாலயே சொல்லக் கூடாதா?" என்று கடிந்துகொண்டு, லய வாசல் வரை முன்னால் நடந்து வந்து விட்டுப் போனார்கள்.

மணி நாலு ஐம்பது. சின்னப் பந்தல், வாடகை நாற்காலிகள், தட்டுத் தட்டாக வடை. வாசலில் அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் கைகூப்பி நின்றார். அவருக்குப் பின்னால் புஷ்பா.

"வாங்க ஸார்" என்றார் என்னைப் பார்த்து. "தோட்டம் பாத்தாச்சா?"

நக்கலாகச் சொல்லியிருந்தால் தேவலை. மரியாதையாகத்தான் கேட்டார்.

ராகுகாலத்தில் அப்பா காரைவிட்டு இறங்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார், செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார். "பிந்திப்போச்சு, குறை நினைக்காதேங்கோ. பிழை முழுக்க எங்கட பக்கம்தான்" என்று மண்டோரின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வடை சாப்பிட்டார். நான் யாருக்குப் பயந்து அந்த மனுஷரை இல்லையென்றேனோ, அவர் அந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோட்டத்து ரயில் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கிள்ளான் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"உனக்கு வெக்கமெண்டால் எங்களை ஏனடா கூட்டிக்கொண்டு வந்தனீ?"

திங்கட்கிழமை புஷ்பா என் மேசைக்கு வந்தாள். "அப்பா ஒண்ணும் சொல்லல. நான்தான் வேணாம்னு சொன்னேன். உங்களக் காணோம்னு புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு மூணு தடவ தேடி வந்தாரு." கையை நீட்டினாள். "நான் குடுத்த பேப்பர் எங்க?"

அது முந்தின நாள் முழுவதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரித்து, விரலால் வழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன்" என்றாள். மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அந்த மாசமே வேலையை விட்டாள். கல்யாணம் ஆகிப் பண்டமாரானுக்குப் போனதாகக் கேள்வி. எனக்குப் பத்திரிகை வரவில்லை, ஏன் வரப்போகிறது.

மெஷின் மேல் பழியைப் போட்டு முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்னவன் நான்தான். அது பிடித்துக்கொண்டு பரவிவிட்டது. அப்பா இருந்தவரை, கதை தொடங்கியதும் எழுந்து அறைக்குள் போய்விடுவார். கௌரி அந்த வெள்ளைச் சட்டைக்காரரை இன்றுவரை கதைக்குள் கொண்டுவந்ததில்லை. அண்ணன் மேல் அவளுக்கு அவ்வளவு இரக்கம்.

போன மாதம் செராஸில் ஒரு கல்யாணம். கௌரி கூரைக் கட்டத்தை நடித்து முடித்ததும், அவள் மகள் சிரிப்புக்கு நடுவே கேட்டாள். "ஏன் மாமா, அங்க யாரையாவது நிப்பாட்டி வழி கேட்டிருக்கலாமே?"

கௌரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"கேக்கிறதுக்கு அங்க ஒரு ஆள் இருந்தாத்தானே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.