நாற்பத்தொன்றாவது எலி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதில் ஒருவரைக் கழித்துக்கொண்டு மற்ற அனைவரும் நலம். தங்கள் நலத்தை அறிய எனக்கு ஆவல் இல்லை. தங்கள் ரத்த அழுத்தம், தாங்கள் வாங்கிய புதுக் கார், அதன் நிறம் உட்பட எல்லாவற்றையும் என் தங்கை தினமும் போனில் சொல்லிவிடுவதால் ஆவலுக்கு இடமே இருப்பதில்லை.

நான்கு ஆண்டுகளாக நான் தங்களுக்குக் கடிதம் எழுதவில்லை, போனில் பேசவில்லை, ஏதாவது விசேஷத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துவிடுகிறேன். இதைத் தாங்கள் கவனிக்கவே இல்லை என்று தங்கை சொல்கிறாள். மூலக் கோபத்தைவிட எனக்கு இதுதான் பெரிய கோபம். மூலக் கோபமும் மறந்திருக்கும் என்பதால் நினைவூட்டுகிறேன். தங்கள் குடல்நோய் ஆஸ்பத்திரியின் திறப்பு விழாவில், கையில் ஜூஸ் டம்ளருடன் நின்ற ஐம்பது டாக்டர்கள் முன்னால் என் தோளில் கைபோட்டு, "இவரு எங்க மச்சான். எலிக்கு வயித்துவலி வந்தா இவருகிட்டதான் போகும்" என்றீர்கள். போட்டோ எடுத்தவர் சிரித்ததில் கேமரா ஆடி, அந்தப் படத்தில் எனக்கு இரண்டு மூக்கு.

மாப்பிள்ளை, நான் எலிக்கு வயிற்றுவலி பார்ப்பவன் அல்ல. எலிக்கு வயிற்றுவலி கொடுப்பவன். வித்தியாசம் உண்டு. சுண்டெலிகளுக்குக் குடல் தொற்று ஒன்றை வரவழைத்து, அது ஆறிய பிறகு குடிநீரில் ஒரு மருந்தைக் கலந்து குடலைப் புண்ணாக்கி, ஆறிய தொற்று இந்தப் புண்ணைக் கூட்டுகிறதா குறைக்கிறதா, அந்தப் புண் பின்னாளில் புற்றாகிறதா என்று பார்ப்பது என் வேலை. எலிகள் சொல்லும் பதிலை வைத்துத்தான் நாளைக்குத் தாங்கள் மனிதர்களிடம் பீஸ் வாங்குவீர்கள். போகட்டும்.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். தங்கை அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் தங்களுக்குப் புரிந்திருக்கும். என்னிடம் நாற்பது எலிகள். மேல் வரிசையில் இருபது, வெறும் தண்ணீர் குடித்து சொகுசாக வாழ வேண்டியவை. கீழ் வரிசையில் இருபது, தொற்று வந்து ஆறியவை, மருந்து நீர் குடித்து அவதிப்பட வேண்டியவை. எலிப் புழுக்கையைச் சோதனை அட்டையில் தடவி ஒரு சொட்டு திரவம் விட்டால், உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் அட்டை நீலமாகும். போன வாரம் சோதித்தால் சொகுசு வரிசை முழுக்க நீலம். அவதி வரிசையோ கொழுகொழுவென்று சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு எண்ணம் வந்தது. ஒன்று, தொற்று வந்து போன குடலுக்கு அபாரமான வலிமை வருகிறது, உலகமே என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறது. இரண்டு, மேல் வரிசை நீலமானதற்குக் காரணம் அட்டை கெட்டுப்போனது. பக்கத்து அறைப் பேராசிரியையிடம் இதைச் சொன்னேன். எனக்கு வரவேண்டிய ஜன்னலோர அறையை வாங்கிக்கொண்டவர் அவர்தான். அதைப்பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.

"அதெப்படி சார், ஒரே அட்டை கீழ வரிசைக்கு உண்மை சொல்லுது, மேல வரிசைக்குப் பொய் சொல்லுதா? உங்களுக்குப் புடிச்ச மாதிரி பேசுற அட்டை எங்க கிடைக்குது? எனக்கும் ரெண்டு பெட்டி வேணும்" என்றார் அந்த அம்மாள்.

ரோஷம் வந்துவிட்டது மாப்பிள்ளை. அட்டை கெட்டது என்று நிரூபிக்க என்ன வேண்டும்? சந்தேகத்துக்கே இடமில்லாத ஆரோக்கியமான ஒரு குடல் வேண்டும். அந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்ட குடல் யாருடையது என்று யோசித்தேன். காலையில் நடைப்பயிற்சி, சிகரெட் கிடையாது, பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. ஆகவே, விவரித்து எழுதக்கூடாத ஒரு ஏற்பாட்டின்படி என் சொந்தச் சரக்கையே அட்டையில் தடவி, பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எண் போட்டு, சொட்டு விட்டேன். நீலம். சும்மா நீலம் இல்லை, கல்யாணப் பட்டு நீலம். நான் துள்ளிக் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், மேஜை விளிம்பில் முட்டி இடித்தது. நான் ஆரோக்கியம், அட்டை நீலம், ஆகவே அட்டை பொய். அட்டை விற்ற கம்பெனிக்குக் காரசாரமாகப் புகார் எழுதி அனுப்பிவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டையே திறந்தேன்.

சாப்பிட்டு வருவதற்குள் பேராசிரியை என் எலி அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கூண்டுகளில் மாட்டியிருந்த பாட்டில் மூடிகளைக் காட்டினார். பாட்டிலுக்குச் சிவப்பு மூடி என்றால் மருந்து, வெள்ளை மூடி என்றால் தண்ணீர் என்பது பழைய முறை. போன மாதம் அதைத் தலைகீழாக மாற்றிச் சுற்றறிக்கை விட்ட மேதாவி யார் என்றால், கையெழுத்து என்னுடையதுதான். கட்டடத்தில் எல்லாரும் அதைப் படித்து ஒழுங்காக நடந்துகொண்டார்கள். எழுதியவன் மட்டும் பழைய ஞாபகத்தில் பாட்டில்களை மாட்டிவிட்டான். சொகுசு எலிகள் மருந்தைக் குடித்திருக்கின்றன, அவதி எலிகள் தண்ணீரைக் குடித்துக் கொழுத்திருக்கின்றன. என் அபாரக் கண்டுபிடிப்பு போயிற்று. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெதுவாக உறைத்தது: அப்படியென்றால் அட்டை நாற்பது எலிகளைப் பற்றியும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து எலிகளைப் பார்வையிடும் கால்நடை டாக்டரம்மா வந்து சேர்ந்தார். எந்த எலியும் அளவுக்கு மீறி வதைபடக் கூடாது, அப்படிப் பட்டால் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த முடிவு அவர் கையில். கடவுளே சிபாரிசு செய்தாலும் மாறாது. வந்ததும் மேஜையில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"சார், யாரு இந்த நாப்பத்தொண்ணு? இவ்ளோ அடர்த்தியா வந்திருக்கு?"

"அது ஒரு தனி எலிங்க. கணக்குல சேராது."

"கணக்குல சேராத எலின்னு ஒண்ணு கிடையாது சார். எடை எப்படி?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். "குறைஞ்சிருக்கு" என்றேன்.

"தீனி எடுக்குதா?"

"முன்ன மாதிரி இல்ல. பாதியில எழுந்துடுது."

"மத்த எலிங்களோட சேருதா?"

"சேராது. ஒரு மூலையில தனியா உக்காந்திருக்கும். யாராவது கிட்ட போனா கடிக்க வரும்."

"அடப் பாவமே. எவ்ளோ நாளா?"

"நாலு வருஷமா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சுண்டெலி நாலு வருஷம் உயிரோட இருக்காது சார்."

அவர் என்னைத் தலையிலிருந்து பெல்ட் வரை பார்த்தார், பெல்ட்டில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எலியா இருந்திருந்தா சாயந்திரத்துக்குள்ள உங்களுக்கு நிம்மதி குடுத்திருப்பேன். மனுஷனாப் போயிட்டீங்க. குடல் டாக்டர் யாரையாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

அதன்பிறகு கறி சாப்பிட்டதால் இருக்கும் என்று கறியை நிறுத்திப் பார்த்தேன். முள்ளங்கிகூட அட்டையை நீலமாக்குமாம், முள்ளங்கியையும் நிறுத்தினேன். புதுப் பெட்டி உடைத்தேன். அட்டைக்கு என்மேல் என்ன வன்மமோ, மூன்று முறையும் நீலம். மனைவியிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்குவாள் என்று காத்திருந்தேன். அதைச் சொல்லாமல் நேராகப் போய்ப் போனை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அதிசயம். உண்மையில் அப்போதுதான் நான் பயந்தேன். அவள் தங்கையிடம் சொல்ல, தங்கை தங்களிடம் சொல்ல, தாங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? "வியாழக்கிழமை காலைல மச்சானை வெறும் வயித்தோட வரச்சொல்லு. எலிக்குள்ள விடுற குழாயவே எடுத்துட்டு வரட்டும், பழகின குழாயா இருக்கும்."

இதற்குத்தான் இந்தக் கடிதம். நான் வரமாட்டேன். காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, எனக்கு விஷயம் தெரியும். தங்கள் நோயாளிகள் ஒன்றும் தெரியாமல் வந்து படுப்பவர்கள். நான் எத்தனையோ எலிகளின் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தவன். குடல் சுவரில் முளைத்த எந்த மொட்டு சும்மா இருக்கும், எந்த மொட்டு புற்றாக வளரும் என்று திரையைப் பார்த்தே சொல்வேன். அப்படிப்பட்டவனைத் திரைக்கு அந்தப் பக்கம் படுக்கப்போடுவது நியாயமா? இரண்டாவது, தங்கள் நர்சுகள் எல்லாரும் அன்றைய திறப்பு விழாவில் இருந்தவர்கள். மூன்றாவதுதான் முக்கியம். மயக்க ஊசி போட்டால் மனிதன் மனதில் உள்ளதை உளறுவான் என்கிறார்கள். நான் தங்களைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டால்? நான்கு ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். ஆகவே வியாழக்கிழமை அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இதில் மறுபரிசீலனைக்கு இடமில்லை.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் நிறைந்த ஆசிகள். அவர்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல ஜீரணத்தோடும் வாழ்க. தாங்களும் அந்த ஆசியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றுகொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத
தங்கள் மச்சான்

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. தங்கை கொண்டுவந்து கொடுத்த, குடலைச் சுத்தம் செய்யும் மருந்து முழுவதையும் குடித்துவிட்டேன். மேலே எங்காவது வாக்கியம் அவசரமாக முடிந்திருந்தால், அங்கே நான் எழுந்து ஓடியிருக்கிறேன் என்று கொள்ளவும். நாளைக் காலை வருகிறேன். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டுவருகிறேன். வேலை முடிந்த பிறகு மட்டும் பிரியுங்கள். முன்னாலேயே படித்துவிட்டுக் கோபத்தில் உங்கள் கை நடுங்கினால் நஷ்டம் எனக்குத்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது, பக்கத்துக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பேன். பார்த்தது என்ன என்று இத்தனை வருஷத்தில் நான் எந்த எலியிடமும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லுங்கள் மாப்பிள்ளை. நர்சை அனுப்ப வேண்டாம், தங்கையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். நீங்களே வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சொல்லுங்கள்.