நானூற்றெண்பதில் விடுபட்ட பூச்சியம்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

விசுவமடுவிலிருந்து சிற்றம்பலம் நாகேஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் கணவரும் பசுவும் கன்றும் சுகம். நீங்களும் உங்கள் அச்சுக்கூடத்துப் பிள்ளைகளும் அவ்விதமே இருப்பீர்களாக. நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள், கணக்கில் பிழை விடமாட்டேன். பிழை விட்டது உங்கள் அச்சுக்கூடம்.

போன மாதம் உங்கள் வாரப்பத்திரிகையில் "ஒரு பீப்பாய் கொம்போஸ்ட் தேநீர், செலவு ரூபா 480" என்று எழுதிய யதுர்ஷிகா என் மகளின் மகள். கம்பசில் விவசாயம் படிக்கிறாள். கூட்டெருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, மீன் கழிவும் பனங்கட்டியும் போட்டு, நாளுக்கு மூன்று தரம் கிண்டிப் பயிருக்கு ஊற்றச் சொல்லியிருந்தாள். துணி 150, மீன் கழிவு 100, பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான் ஒன்று 230. படத்தோடு வந்த அன்று என் சம்பந்தி கமலாசனி "என்ரை பேத்தி, என்ரை பேத்தி" எண்டு பேப்பரும் கையுமாத் திரிஞ்சா. அவ மாதர் சங்கத்தின் பொருளாளர். கூட்டத்தில் நான் எழும்பி, எல்லா வீட்டிலும் இதைச் செய்வோம் என்றதும், "அந்தக் காசுக்கு ஏலாது மச்சாள். உங்கடை பேத்தி விலைவாசி தெரியாமல் எழுதிப்போட்டாள்" எண்டா. பாருங்கோ, ஒரு மாதத்துக்குள் பிள்ளை என் பேத்தியாகிவிட்டாள்! "செய்து காட்டுறன், வாற வெள்ளிக்குப் பிறகு மூண்டாம் வெள்ளி வந்து செலவை வாசியுங்கோ" என்றுவிட்டேன்.

முற்றத்தில் மிளகாய் வரிசையோடு பீப்பாயை வைத்தோம். வைத்ததுதான் தாமதம், ஊர் திரண்டு வந்தது. பக்கத்து வளவு ஏரம்பு விடிய வந்து மூக்கை உள்ளே விட்டு, "அக்கா, மணம் இன்னும் சரிவரேல்லை, பின்னேரமும் வந்து மணந்து பாக்கிறன்" என்பார். வாசலுக்கு வந்த சனத்தை வெறும் வாயோடு அனுப்பலாமோ? பிளேன் தேத்தண்ணி கொடுத்தால் கடித்துக் குடிக்கக் கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைக்க வேண்டும். பீப்பாய்க்கென்று வாங்கிய குட்டான் பீப்பாய்க்குப் போவதற்கு முன்னமே முடிந்தது. கணவர் பஸ் ஏறிப் பரந்தனுக்குப் போய் இன்னொன்று வாங்கிவர, அதுவும் முடிந்தது. ஏழாவதை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே ஒளித்தேன், என் கூறைச்சேலை முழுக்க எறும்பு. உதறிக்கொண்டு நிற்கையில் ஏரம்பு எட்டிப்பார்த்து, "அட, அங்கையோ வைச்சிருக்கிறியள்?" எண்டார். அதுவும் போச்சு. பதின்மூன்றாவதுதான் பீப்பாய்க்குள் விழுந்தது. கிண்டுவதும் ஊற்றுவதும் கணவர் பொறுப்பு. எனக்குக் குசினியை விட்டு வெளியே வர நேரமில்லை. இடையில் கமலாசனி சங்கத்து ஆறு பெண்களோடு வேவு பார்க்க வந்தா, அவைக்கு பிஸ்கட்டும் வேண்டும்.

மேலதிகக் குட்டான் பன்னிரண்டு 2,760, தேயிலைப் பைக்கற் நாலு 960, பிஸ்கட் 600. பிள்ளை எழுதிய 480ஐயும் கூட்டினால் 4,800. "தேயிலை பயிர்ச் செலவோ?" என்று கணவர் கேட்டார். பீப்பாய் இல்லாவிட்டால் அவர்கள் வந்திருப்பார்களோ? ஆகவே செலவு செலவுதான். மிளகாய் வரிசையோ இடுப்பளவு! கமலாசனி வாய் திறந்தபடி நின்றா. ஆனால் வரும் வெள்ளி சங்கத்துக்கு முன்னால் செலவை வாசிக்கும்போது பிள்ளையின் மானம் போய்விடும். அதனால் வியாழக்கிழமைப் பத்திரிகையில், "480 என்பது 4,800 என்று வந்திருக்க வேண்டும், ஒரு பூச்சியம் அச்சில் விழுந்துவிட்டது, வருந்துகிறோம்" என்று போட்டுவிடுங்கள். ஒரு பூச்சியத்துக்கு உங்களுக்கு மை செலவும் வராது.

உங்கள் பத்திரிகை நாலு மாவட்டத்துக்கும் போய், கடையில் வடை சுற்றப் போகாமல் வாசிக்கப்படட்டும் என்று பிள்ளையாரை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
யதுர்ஷிகாவின் அம்மம்மா
சி. நாகேஸ்வரி

பி.கு.: தபாலில் போட முதல் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். "நான் எங்கை ஊத்தினனான், நாகேஸ்? பீப்பாயின்ரை பைப் இறுகிப்போச்செண்டு அண்டைக்கே சொன்னனான். நீர் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டனீர்" எண்டார். "அப்ப மிளகாய்?" எண்டன். "வந்த சனத்தின்ரை தேயிலைச் சக்கையும் கோப்பை கழுவின தண்ணியும் மிளகாய் வரிசைக்கைதானே போனது." ஓடிப்போய்ப் பார்த்தேன். பீப்பாய் கழுத்துமட்டும் நிறைஞ்சு நிற்குது. ஆகவே பிள்ளை சொன்ன 480க்கு ஒரு பீப்பாய் அப்படியே இருக்கிறது, அவள் கணக்கு சரி. பூச்சியம் போடவேண்டாம். கமலாசனி உங்கள் பத்திரிகை வாசிக்கிறவ, இந்தக் கடிதத்தையும் போடவேண்டாம். வெள்ளிக்கிழமை நீங்களே நேரில் வந்து பீப்பாயைப் பார்த்துச் சாட்சி சொல்லுங்கோ. வரேக்கை பனங்கட்டி கொண்டு வாங்கோ.