ஆற்காட்டில் கொம்பூதிய பாட்டனார்

முன்னோர் தேடிகள் என்றொரு மனித வகை உண்டு. கல்யாண வீட்டில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பிரியாணி வருவதற்குள் இருநூற்றெழுபது வருடம் பின்னால் போய், அங்கே ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு சிப்பாய், அந்தச் சிப்பாய்க்குத் தம்முடைய மூக்கு என்று நிறுவிவிட்டு, நீங்கள் எந்தப் பரம்பரை என்று உங்களையும் கேட்பார்களே, அவர்கள்தாம். தப்பிக்க முடியாது.

கடல் தாண்டிய ஜார்ஜ்டவுன் ஷேக் அலாவுதீன் இவர்களில் முதல் தரம். பக்கத்து ஊரான ஜுருவில் முப்பது வருடம் கார் உதிரிப்பாகம் விற்று ஓய்ந்தவர். மனைவி மஹ்பூபா சேலை எடுக்கச் சென்னைக்குப் போனபோது கூடவே போய், ஏதோ ஓர் ஆவணக் காப்பகத்தில் ஆற்காட்டு முற்றுகைக் காலத்துத் தமிழ்ப் பட்டியல் ஒன்றைக் கண்டு, இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வந்தார். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? இரண்டாம் பக்கத்தில்தான் வரிக்கு வரி ‘ஷை’, ‘ஷை’ என்று இருந்ததே. ஷேக் என்பதைச் சுருக்கியிருக்கிறார்கள், முற்றுகை நேரம், மைக்குத் தட்டுப்பாடு என்று முடிவுகட்டினார். பதினொரு ஷைகளில் தம்மவரைப் பொறுக்கியெடுப்பதும் சிரமமாக இல்லை. ‘ஷை, கறுப்பு, கொம்பு ஒன்று, தெற்கு வாசல். நாற்பதாம் நாள் பட்டாளத்துக்கு.’ அலாவுதீனின் அத்தாவும் கறுப்பு. வேறென்ன சான்று வேண்டும்?

இந்த ஒற்றை வரியிலிருந்து ஒரு முழு வாழ்க்கை எழும்பியது. தெற்கு வாசலில் நின்று கொம்பூதிப் படையை எழுப்பியவர். நாற்பதாம் நாள் பட்டாளத்துக்காகத் தம்மையே கொடுத்தவர். அந்தச் சிப்பாயின் நினைவுநாள் மஹ்பூபாவுக்கு மனப்பாடம். அவளுடைய கல்யாண நாள்தான் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. மஹ்பூபாவின் அண்ணன் ஷஃபீக், தன் பாட்டன் ஒரு சுல்தானுக்கு வைத்தியம் பார்த்தவர் என்று இருபது வருடமாகச் சொல்லி, குடும்ப விருந்துகளில் முதல் தட்டை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுக்காகத்தான் அலாவுதீன் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து, நிபோங் திபால் சொந்தங்களை வேன் வைத்து வரவழைத்து, ஷஃபீக்கை முன்வரிசையில் உட்காரவைத்து, பாட்டனாரின் வீர வரலாற்றை வாசிக்க ஏற்பாடு செய்தார். இதில் சறுக்கினால் ஆயுள் முழுக்க ஷஃபீக்கின் சிரிப்பைத் தாங்க வேண்டும்.

வாசிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மஹ்பூபாவின் தோழி தவமணி, வக்கீல் அலுவலகத்தில் பழைய யாழ்ப்பாணத்துக் காணிப் பத்திரங்களைப் படித்தே ஓய்வுபெற்றவர், சட்டமிட்டு வைத்திருந்த இரண்டாம் பக்கத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“அண்ணே, இது பேரில்லை. ஷை எண்டால் மேற்படி. முதல் பக்கம் இருக்கோ?”

அலாவுதீன் கைப்பேசியை நீட்டினார். தவமணி படத்தைப் பெரிதாக்கினார். தலைப்பு தெளிவாகவே இருந்தது: ‘கோட்டையில் உள்ள பாரக் காளைகள்.’

அலாவுதீன் அந்தக் கொம்பை நினைத்தார். நாற்பதாம் நாள், பசித்த பட்டாளத்துக்கு எது கொடுக்கப்பட்டது என்பதையும் நினைத்தார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

“ஷஃபீக் காதுல போட்டுடாதீங்க லா, அக்கா,” என்றார்.

மேடையேறி, எழுதியதில் ஊதியதை மட்டும் விட்டுவிட்டு மீதியை வாசித்தார். பாரம் சுமந்தார், முணுமுணுக்கவில்லை, கடைசியில் பட்டாளத்தின் பசியைத் தீர்த்தார் என்று புதிதாகவும் சேர்த்துக்கொண்டார். அத்தனையும் சத்தியம். சபை தேம்பியது. ஷஃபீக்கே எழுந்து வந்து, “இனிமே உங்களுக்குத்தான், மச்சான்,” என்று முதல் தட்டைக் கையில் கொடுத்தார்.

தட்டில் மாட்டிறைச்சி ரெண்டாங். அலாவுதீனால் ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று யோசித்தீர்களா? எந்த முற்றுகையை எடுத்தாலும் கடைசிவரை நின்றவர்கள் பெரும்பாலும் அங்கேயே செத்தார்கள். சுவரேறிக் குதித்து ஓடியவர்கள்தாம் ஊர் போய்ச் சேர்ந்து பிள்ளை பெற்றார்கள். அப்படியிருக்க, ஓடியவனின் பேரன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரைக்கூட இந்த ஊரில் காணோம்.

அதிருக்கட்டும். உங்கள் பாட்டனார் எந்தக் கோட்டையில் நின்றார் என்றீர்கள்?