பச்சை டிக் பக்தர்

பச்சை டிக் பக்தர் என்றொரு இனம் உண்டு. கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் காலையில் கண் விழித்ததும், பல்கூடத் தேய்க்காமல், போனைத் திறந்து எல்லாம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தரையில் காலை வைப்பார்.

என் தங்கை வீட்டுக்காரர் இதில் முற்றிய ரகம். வயதானவர்கள் மாத்திரையை மறக்காமலிருக்க வேளைக்கு வேளை மணியடிக்கும் செயலி ஒன்றை இவரும் இன்னும் நாலைந்து பேரும் சம்பளமில்லாமல், ஊருக்குப் பொதுவாக எழுதுகிறார்கள். அதன் கணினி நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். கண்டவர்களும் கைவைத்தால் என்ன ஆகும்? நம்மவர் காவல் போட்டார். யார் எதை அனுப்பினாலும் எங்கோ ஒரு கணினி தானாக விழித்து, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை டிக், இல்லையென்றால் சிவப்புப் பெருக்கல் குறி போடும். நல்ல ஏற்பாடுதான். மனிதர் கையில் சிக்கும்வரை எல்லா ஏற்பாடும் நல்ல ஏற்பாடுதான்.

நிரலின் வரி எண்பது எழுத்தைத் தாண்டுகிறதா, வரியின் வாலில் வெற்றிடம் தொங்குகிறதா, திருத்தத்தோடு வரும் குறிப்பு முற்றுப்புள்ளியில் முடிகிறதா என்று ஒவ்வொரு காவலாகச் சேர்த்து, சேர்த்ததை அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கி, ஐந்து விடுமுறை நாள்களைத் தின்று தீர்த்தார். அத்தனைக்கும் செயலியில் மாறியது என்ன? ஒன்றுமில்லை. முகப்பில் ஒரு பச்சைப் பட்டை ஏறியது.

"சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க" என்பாள் தங்கை.

"இரும்மா, சோதனை ஓடிட்டிருக்கு."

"தண்ணியும்தான் ஓடிட்டிருக்கு."

ஒருநாள் முன்பின் தெரியாத நர்ஸ் ஒருவர் எழுதினார். முப்பத்தொன்றாம் தேதிகளில் மணி அடிப்பதில்லை. தான் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் இருவர் போன முறை மாத்திரையைத் தவறவிட்டார்கள். இதோ திருத்தம், ஒரே வரி. அந்த வரியில் எண்பத்து மூன்று எழுத்து. சிவப்பு! "ஆர்வத்துக்கு நன்றி. மூன்று எழுத்து அதிகம்" என்று பதில் போட்டார் நம்மவர். அந்த அம்மாள் குறைத்து அனுப்பினார். குறிப்பில் முற்றுப்புள்ளி இல்லை. மறுபடி சிவப்பு.

"சார், புள்ளியை நீங்களே வெச்சுக்கோங்க. இன்னிக்குத் தேதி இருபத்தொம்பது" என்று எழுதினார் நர்ஸ்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதான். தவிர, முப்பத்தொன்றாம் தேதிக்கென்றே நான் ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறேன். அது பச்சையாகத்தான் இருக்கிறது."

நர்ஸ் அதற்குமேல் எழுதவில்லை. முப்பத்தொன்றாம் தேதி வந்தது.

எங்கள் அம்மா தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். ரத்த அழுத்த மாத்திரைக்கு மாப்பிள்ளையின் செயலிதான் மணியடிக்கிறது. அன்று முற்பகல், குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாத்திரை போட்டீங்களா அத்தை?"

"மணி அடிக்கலையே மாப்பிள்ளை. மணி அடிச்சாப் போடுங்க, நீங்க ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்னு சொன்னதே நீங்கதானே?"

"இருக்காதே... பச்சையால்ல இருக்கு?"

"அம்மா மூஞ்சி என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க முதல்ல" என்றாள் தங்கை.

டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரை உள்ளே போனதும் அம்மா தேறினாள். நம்மவர் அதன் பிறகுதான், நாலு மாதத்தில் முதல் முறையாக, பச்சை டிக்கைத் தட்டி உள்ளே போய்ப் பார்த்தார். ஓடிய சோதனைகள்: 0. தோற்றவை: 0.

நாலு மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று செயலியின் சோதனைகளை வேறொரு கோப்புறைக்கு மாற்றியவர் அவரேதான். கணினி பழைய இடத்தில் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை, ஒன்றும் தோற்கவில்லை, டிக் போட்டது. எழுத்தை எண்ணும் காவல் மட்டும் தூங்காமல் வேலை செய்தது. பரீட்சைக்கே போகாத பிள்ளை எந்தப் பாடத்தில் பெயிலாகும்?

கணினிக்குப் புதிய இடத்தைக் காட்டியதும் பதினொரு சிவப்பு. நர்ஸின் வரியை முற்றுப்புள்ளி இல்லாமலே உள்ளே விட்டார். திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த வாரமே, சோதனைகள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை சேர்த்தார். அதற்கும் தனியாக ஒரு பச்சைப் பட்டை.

அம்மா மாத்திரை அட்டையைக் மூக்குக் கண்ணாடிக் கூட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "இப்பல்லாம் மாத்திரையைப் போட்டுட்டு, அப்புறம் மணி அடிக்குதான்னு பாக்கறேன் மாப்பிள்ளை. அதையும் யாராவது சோதிக்கணும்ல?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று நீங்களும் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டீர்கள். "எல்லாம் நல்லா இருக்கோம்" என்றார்கள். நிம்மதியாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள். தோற்றது ஒன்றுமில்லை, சரி. நீங்கள் கேட்ட கேள்வி எத்தனை?